சீஸுக்கும் ஒயினுக்கும் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் நம் தேசத்தார். பிரெஞ்சுக்காரர்களோ கல்யாணத்தை மணமக்களின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைக்கும் பதார்த்தங்களுக்குப் பொருத்தம் பார்க்கிறார்கள். இன்ன சீஸுக்கு இன்ன ஒயின்தான் சேரும், இன்னது சேரவே சேராது என்று அவர்கள் எழுதிக் குவித்திருக்கும் புத்தகங்களை அடுக்கினால் நமது ஜோதிடர் வீட்டு அலமாரி தோற்றுப் போகும். அந்தச் சேர்க்கைக்கு 'மரியாழ்', அதாவது விவாகம், என்றே அவர்கள் பெயர் சொல்வதும் உண்டு!

மதுவைத் தொடாத ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு இந்த விவாகத்தில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். நான் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் இரசாயனம் போதிக்கிறவன். என் தமக்கையின் ஒரே மகன் பிரான்சு தேசத்தில், பெஸான்ஸோன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருக்கிறான். சென்ற கோடை விடுமுறையில் அவனைப் பார்க்க அக்கா புறப்பட்டபோது துணைக்கு நானும் போனேன். போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே பையன் ஒரு விஷயத்தை வெளியிட்டான். தான் எப்போதாவது ஒயின் சாப்பிடுவதுண்டு என்றும், அதை அம்மாவிடமும் மாமாவிடமும் ஒளிக்க விரும்பவில்லை என்றும் சொன்னான். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் என்னைப் பார்த்து, "மாமா, நம் ஊரில் குடிக்கிறார்கள், இங்கே ருசிக்கிறார்கள். ஒரு சின்னக் கிண்ணம், ஒரு துண்டு சீஸ், அரைமணி நேரம் பேச்சு. இதில் என்ன குற்றம்? சொல்லுங்கள்!" என்றான்.

என் பாட்டனார் காலத்தில் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடைத்திருக்கும். ஆனால் வகுப்பில் தினந்தோறும், "சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக் கொள்ளாதீர்கள்" என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிற நான், அக்காள் மகனிடம் மட்டும் அதட்டிப் பேசினால் எடுபடுமா? "நீ சொல்கிற சீஸையும் ஒயினையும் அவை பிறக்கும் இடத்திலேயே பார்த்து விட்டு வருவோம், பிறகு பேசலாம்" என்றேன்.

பிரான்சுக்கும் ஸ்விட்ஜர்லாந்துக்கும் நடுவில் ஜூரா என்ற மலைத்தொடர் இருக்கிறது. மேலே பைன் வகை மரக் காடுகளும் புல்வெளிகளும். கீழே மேற்குச் சரிவில் திராட்சைத் தோட்டங்கள். மேலே விளைவது 'கோந்தே' என்னும் சீஸ். கீழே விளைவது 'வான் ஜோன்', அதாவது மஞ்சள் ஒயின். இவ்விரண்டையும் ஒன்றாகப் பரிமாறுவதுதான் அந்தப் பிராந்தியத்தின் பிரசித்தி பெற்ற பொருத்தம்.

முதலில் சீஸைப் பார்ப்போம். அந்த மலையில் குளிர்காலம் நெடியது. பனி மூடிவிட்டால் பசு கொட்டிலிலும் மனிதன் வீட்டிலும் அடைந்து கிடக்க வேண்டியதுதான். ஆகையால் கோடையில் கறந்த பாலைக் குளிர்காலத்துக்குக் கெடாமல் வைக்க வழி தேடினார்கள். சிறிய சீஸ் சீக்கிரம் கெடும். வண்டிச் சக்கரம் போன்ற பெரிய சீஸ் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்குச் சுமார் 400 லிட்டர் பால் வேண்டும். அக்காலத்தில் எந்தக் குடியானவன் வீட்டில் அவ்வளவு பால் இருந்தது? எனவே ஊரார் எல்லோரும் பாலைக் கொண்டு வந்து ஒரே கொப்பரையில் கொட்டினார்கள். இந்தக் கூட்டுறவு ஏற்பாட்டைப் பற்றிப் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பத்திரங்களிலேயே செய்தி இருக்கிறது. 'புரூயித்தியேர்' என்ற பெயரில் இன்றும் ஊருக்கு ஊர் அந்தச் சங்கங்கள் நடக்கின்றன. 1958-ஆம் ஆண்டு முதல் கோந்தே என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. இன்ன ஜாதிப் பசுவின் பால், புல்லும் வைக்கோலும் அன்றிப் புளிக்க வைத்த தீனி கூடாது, பால் காய்ச்சாத பச்சைப் பாலாக இருக்க வேண்டும், குறைந்தது நான்கு மாதம் பக்குவப்பட வேண்டும் என்று விதிகள் நீண்டு கொண்டே போகின்றன.

இந்த இடத்தில் அக்காவின் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். பாலைத் திரிப்பதற்கு அவர்கள் மோரையோ எலுமிச்சம் பழத்தையோ உபயோகிப்பதில்லை. பால் மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைச் சேர்க்கிறார்கள். அக்கா மாமிசம் தொடாதவள். மருமகன் இதை விளக்கிச் சொன்னதும் கையிலெடுத்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "கன்றுக்குச் சேர வேண்டிய பாலைக் கறந்ததோடு நில்லாமல் அதன் வயிற்றையுமா?" என்றாள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நம் ஊர்க் கடைகளில் சீஸ் வாங்கும் சைவ வீட்டார் மேல்தாளைப் படித்துப் பார்ப்பது உத்தமம்; இப்போது கன்றின் சம்பந்தமில்லாத உறையில் செய்தவையும் நிறையக் கிடைக்கின்றன.

போந்தார்லியே என்ற ஊருக்குத் தெற்கே மலையுச்சியில் ஒரு கோட்டை இருக்கிறது. 1870-ல் ஜெர்மானியரிடம் தோற்ற பிறகு, மறுபடியும் படையெடுப்பு வந்தால் தடுப்பதற்கென்று பிரெஞ்சு ராணுவம் கட்டிய கோட்டை அது. 1966-ல் மார்ஸெல் பெத்தீத் என்னும் சீஸ் வியாபாரி அதைப் பார்த்து, தடித்த கல் சுவரும் மாறாத குளிர்ச்சியும் சேர்ந்த இந்த இடம் சிப்பாய்களைவிடச் சீஸுக்கே பொருத்தம் என்று கண்டு கொண்டார். இன்று அதன் வளைவுக் கூடங்களில், மரப்பலகைகளின் மேல், தரையிலிருந்து கூரை வரையில் சீஸ் சக்கரங்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. நூலகத்துக்குள் புகுந்த மாதிரி ஒரு பிரமை எனக்கு. நெடியோ, நூலகத்து நெடியல்ல. மாட்டுக் கொட்டிலும் நவச்சார ஆவியும் கலந்த நெடி. பக்குவம் பார்க்கிறவர் சிறிய இரும்புக் கருவியால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். உள்ளே வெடிப்பு இருந்தால் ஓசை காட்டிக் கொடுக்குமாம். பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற கிழவருக்கு அந்தக் கோட்டையில் உத்தியோகம் கொடுத்தால் முதல் நாளே தேறிவிடுவார் என்று தோன்றியது.

சக்கரங்களை உப்பு நீரில் தோய்த்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். பழைய நாளில் அந்த உப்பும் பக்கத்திலேயே கிடைத்தது. ஸலான் என்ற ஊரில் பூமிக்கடியிலிருந்து உப்பு நீரை இறைத்துக் காய்ச்சினார்கள். அந்த ஆலை 1962 வரையில் நடந்தது. பழைய பிரெஞ்சு மன்னர்கள் உப்புக்கு வரி போட்டு ஜனங்களை வாட்டிய கதை, 1930-ல் வேதாரண்யம் சென்றவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு விஸ்தாரமாகச் சொல்லத் தேவையில்லை.

இனி ஒயினுக்கு வருவோம். ஸவஞான் என்ற வெள்ளைத் திராட்சையின் சாற்றைப் புளிக்க வைத்து மரப் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். மற்ற இடங்களில் பீப்பாயில் திரவம் ஆவியாகக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவார்கள். காற்றுப் பட்டால் ஒயின் காடியாகிவிடும் என்ற பயம். இவர்களோ நிரப்புவதேயில்லை. ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் மெல்லிய ஏடு போலப் படர்கின்றன. காற்றை ஓரளவு தடுத்து, ஓரளவு உள்ளே விட்டு, அந்த ஏடு ஒயினின் சுபாவத்தையே மாற்றுகிறது. திராட்சை பறித்ததிலிருந்து ஆறு வருஷமும் மூன்று மாதமும் கழித்துத்தான் புட்டியில் அடைக்கலாம். ஒரு லிட்டர் ஊற்றினால் அதற்குள் 62 செண்டிலிட்டர்தான் மிஞ்சும் என்பது அவர்கள் கணக்கு. அதற்காகவே 62 செண்டிலிட்டர் கொள்ளும் தனிப் புட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த நாட்டில் ஆர்புவா என்ற சிற்றூரில்தான் லூயி பாஸ்டர் வளர்ந்தார். 1822-ல் தோல் என்ற ஊரில் பிறந்தார். ஊரின் பெயர்தான் தோல். ஆனால் தகப்பனாரின் தொழிலும் தோல் பதனிடுவதே என்றால் நம் பிள்ளைகள் சிரிக்கத்தானே செய்வார்கள்? ஆற்றங்கரையில் அவருடைய வீடு இன்று காட்சிசாலையாக இருக்கிறது. ஒயின் ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிக்கும்படி மூன்றாம் நெப்போலியன் 1863-ல் அவரைக் கேட்டுக் கொள்ள, நுண்ணுயிர்களே காரணம் என்று நிரூபித்து, மிதமாகச் சூடாக்கினால் போதும் என்று வழி சொன்னார். அந்த முறையைத்தான் இன்று உலகமெல்லாம் பாலுக்குக் கையாள்கிறோம். அவருடைய சொந்தப் பிராந்தியத்துச் சீஸை மட்டும் பச்சைப் பாலில்தான் செய்ய வேண்டும் என்று சட்டமிருப்பது ஒரு வேடிக்கை.

தோல் பதனிடுவோர் வீட்டைச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. மரப்பட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது தோலிலுள்ள புரதத்தைப் பற்றிக் கொண்டு இறுக்குவதால்தான் பச்சைத் தோல் பதனிட்ட தோலாகிறது. எங்கள் பாலாற்றுப் பக்கத்தில் முன்னாளில் ஆவாரம்பட்டையைக் கொண்டு செய்த காரியம் அதுவே. திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இதே டானின் உண்டு. தோலோடு புளிக்க வைக்கும் சிவப்பு ஒயினில் அது இறங்கிவிடுகிறது. வாயில் பட்டதும் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக் கொள்ள, நாக்கு வறண்டு இழுக்கிறது. அறுசுவையில் ஒன்றாக நாம் வைத்திருக்கும் துவர்ப்பை மேல்நாட்டு விஞ்ஞானிகள் சுவை என்று ஒப்புவதில்லை. தொடு உணர்ச்சி என்கிறார்கள். பெயர் எதுவாயினும் அனுபவம் ஒன்றுதான். நடுவில் பால் புரதமும் கொழுப்பும் வந்து சேர்ந்தால் டானின் அவற்றைப் பற்றிக் கொள்கிறது, நாக்கு தப்புகிறது. கடுந்தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவதும் இதனாலேதான். வாழைப்பூவை நறுக்கி மோரில் போடுகிற நம் பெண்மணிகளுக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல.

ஆனால் இப்படி அடக்கும்போது குறைகளும் சேர்ந்து அடங்கிவிடும். ஒயின் வாங்கும்போது ஆப்பிளைக் கடித்துக் கொண்டு ருசி பார். விற்கும்போது சீஸைக் கொடுத்து விற்றுவிடு என்பது இங்கிலீஷ் வியாபாரிகளின் பழைய தந்திரம். காரமான சீஸ் சிவப்பு ஒயினின் நல்ல குணங்களையும் மழுக்குகிறது என்று 2006-ல் கலிபோர்னியாவில் சோதனை செய்து எழுதினார்கள். 2016-ல் திஜோன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், சீஸ் சாப்பிட்ட பின் ஒயின் ஜனங்களுக்கு முன்னிலும் பிடித்திருந்தது என்று எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வியாபாரியின் தந்திரம் ருசுவாகிறது என்று நான் நினைக்கிறேன்!

கோந்தேயும் மஞ்சள் ஒயினும் சேர்வது வேறு மாதிரி. வெள்ளைத் திராட்சையின் சாறாகையால் அதில் துவர்ப்பு மிகக் குறைவு. சீஸோடு மல்லுக்கு நிற்பதில்லை. ஆர்புவாவில் ஒரு கடையின் அம்மாள் மருமகனுக்கு அதைச் சிறிய கிண்ணத்தில் ஊற்றினாள். நான் வேண்டாமென்று கையசைத்ததும் வற்புறுத்தவில்லை. கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி முகர்ந்து பார்க்கும்படி மட்டும் ஜாடை காட்டினாள். முகர்ந்தேன். எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தது போல இருந்தது. வெந்தயம்! சந்தேகமேயில்லை. அக்காவும் தள்ளி நின்றபடியே முகர்ந்து, "வறுத்த வெந்தயம்" என்று திருத்தினாள். இது மனப்பிராந்தியல்ல. ஸோட்டலான் என்ற ஒரே பொருள்தான் வெந்தயத்துக்கும் அந்த மஞ்சள் ஒயினுக்கும் மணம் தருகிறது. பிறகு அந்த அம்மாள் இரண்டு வயதுக் கோந்தேயில் ஒரு துண்டும், அக்ரோட் பருப்பும் எனக்கு வைத்தாள். சீஸில் முந்திரி வறுத்த வாசனை, கொஞ்சம் உப்பு, பற்களில் நறநறக்கும் சிறு பளிங்குகள், கடைசியில் ஒரு பால் இனிப்பு. அந்த உப்பும் பருப்பு வாசனையும் ஒயினின் புளிப்போடு எப்படி இணங்கும் என்பதை வாயில் வைக்காமலே ஒருவாறு ஊகிக்க முடிந்தது.

ஆகவே பொருத்தம் உண்மைதான். அது கனதனவான்களின் கட்டுக்கதையல்ல. மேலே மாடு மேய்த்தவனும் கீழே கொடி வளர்த்தவனும் ஒரே சந்தையில் கூடினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்தில் கிடைத்ததைப் பக்கத்தில் கிடைத்ததோடு சாப்பிட்டுச் சேராததைத் தள்ளிச் சேர்ந்ததை வைத்துக் கொண்டார்கள். கம்பங்கூழுக்குச் சின்ன வெங்காயத்தைப் பொருத்தம் பார்த்தது எந்தச் சமையற் பண்டிதர்? பக்கத்து வீட்டுச் சம்பந்தந்தான் என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலீஷ்காரர்கள் தங்கள் ஸ்டில்டன் சீஸுக்குப் போர்ச்சுகல் தேசத்துப் போர்ட் ஒயினைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம், பிரான்சோடு ஓயாத சண்டையும் 1703-ல் போர்ச்சுகலோடு செய்து கொண்ட வியாபார ஒப்பந்தமும்! எப்படியும், நம் பட்டணத்துப் பெரிய ஓட்டல்களில் இந்தப் பொருத்தத்தைக் கற்றுக் கொடுக்கக் கட்டணம் வாங்குகிறார்களே, அங்கே மாடும் இல்லை, கொடியும் இல்லை, அந்தஸ்துதான் பரிமாறப்படுகிறது.

மாலை ரயிலில் திரும்பினோம். அக்கா ஜன்னலோரத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். மருமகன், "இப்போது சொல்லுங்கள் மாமா" என்றான்.

"நீ சொன்னதில் பாதி வாஸ்தவம். நேற்றுப் போந்தார்லியே வழியாகப் போனோமே, அந்த ஊரின் கதை தெரியுமா?" என்று கேட்டேன். அப்ஸிந்த் என்ற கடுஞ்சாராயத்துக்கு அந்த ஊர்தான் தலைநகரம். 1901-ல் இடி விழுந்து பெர்னோ ஆலை தீப்பற்றியபோது, வெடித்துவிடாமலிருக்கச் சரக்கை ஆற்றில் திறந்து விட்டார்கள். சில நாள் கழித்து, பல மைல் தூரத்திலுள்ள லூ நதியின் ஊற்றில் அப்ஸிந்த் வாசனை வீசிற்று. இரண்டு நதிகளுக்கும் பூமிக்கடியில் தொடர்பிருப்பது அப்படித்தான் தெரிய வந்தது. குடும்பங்கள் பாழாகின்றன என்று கூக்குரல் எழுந்து 1915-ல் பிரெஞ்சு அரசாங்கமே அதைத் தடை செய்தது. சீஸும் ரொட்டியும் மேஜையும் அந்த ஊரிலும் இருக்கத்தான் இருந்தன. அவை யாரையும் காப்பாற்றவில்லை.

"அது சாராயம் மாமா. ஒயின் வேறு."

"பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் பிள்ளைகளுக்கு ஒயின் கொடுத்தார்களே, அது?"

அவன் நம்பவில்லை. உடனே கைப்பேசியை எடுத்துத் தேடினான். பதினான்கு வயதுக்குட்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி உணவுக் கூடங்களில் மது கொடுக்கக் கூடாதென்று பிரான்சில் உத்தரவு பிறந்தது 1956-ல். பெரிய மாணவர்களுக்கும் முற்றிலும் நின்றது 1981-ல். இதை நான் ஆசிரியனென்ற முறையில் முன்பே படித்து வைத்திருந்தேன். 1954-ல் பிரதம மந்திரியாயிருந்த மாந்தேஸ் பிரான்ஸ், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஏற்பாடு செய்து, தாமும் பலர் முன்னிலையில் பால் குடித்துக் காட்டினார். அதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் அநேகர். பாஸ்டரே ஒயினை ஆரோக்கிய பானமென்று மெச்சினவர்தாம். ஆனால் 1988-ல் மதுபானம் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேச நிபுணர்கள் வகைப்படுத்தினார்கள்; அபாயமற்ற அளவு என்று ஒன்று கிடையாதென்று 2023-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

பையன் சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நீங்கள் குடிக்காதது புத்தகத்தைப் படித்தா?" என்று மெதுவாகக் கேட்டான்.

இல்லை. எங்கள் வீட்டில் அவனுடைய தலைமுறைக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. என் பெரியப்பா, அவனுக்குப் பெரிய தாத்தா, நல்ல விவசாயி. ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொன்னவர். 1981-ல் எங்கள் பக்கத்தில் சாராயக் கடைகளை மீண்டும் திறந்தபோது, முதலில் அவரும் சிநேகிதர்களோடு உட்கார்ந்து, பேசிச் சிரித்து, கொஞ்சமாகத்தான் ஆரம்பித்தார். சுண்டலும் வறுத்த கடலையும் பக்கத்திலிருக்கும். அதுவும் ஒரு பொருத்தந்தானே? ஐந்து வருஷத்தில் சிநேகிதர்கள் விலகினார்கள், சுண்டலும் நின்றது, அவர் மட்டும் போய்க் கொண்டிருந்தார். "ஆற்றங்கரை வயல் முதலில் போயிற்று, பிறகு தோப்பை ஒட்டியிருந்த அரை ஏக்கர். இரண்டையும் இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன்" என்றேன்.

அக்கா கண்ணைத் திறக்காமலே, "மூன்று" என்றாள். "கிணற்றடி வயலை அவன் பிறப்பதற்கு முன்னாலேயே விற்று விட்டார்கள் என்று நினைத்துக் கொண்டிருக்கிறான். இல்லை. அந்தப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கப் பெரியம்மாவைக் கூட்டிக் கொண்டு போனவள் நான்தான். எனக்கு அப்போது பத்து வயது."

மருமகன் எழுந்து எதிர் இருக்கையிலிருந்து அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பெஸான்ஸோன் வருகிற வரையில் அவள் சொல்லிக் கொண்டு வந்தாள். நானும் கேட்டுக் கொண்டு வந்தேன்.